கோர்ட்டில் நிற்கும் நம் வீட்டுக் கதவு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சித்தப்பாவும் சுகம், கதவு மட்டும்தான் வீட்டில் இல்லை. நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு நன்றாகத் தூங்கிச் சுகமாக இருக்கிறாய் என்று நம்பி எழுதுகிறேன்.

போனில் நீ கேட்டபோது ஒன்றுமில்லை என்று அப்பா சொல்லிவிட்டார், அவருடைய ஒன்றுமில்லையை நீ நம்பாதே. சரக்குத் தட்டுப்பாட்டு நெருக்கடிக்காகச் சட்டம் போட்டார்களே, பகலில் எந்த மளிகைக் கடையின் கதவும் மூடியிருக்கக் கூடாது என்று, விலை ஏறட்டும் என்று சரக்கைப் பதுக்குகிறவர்களைப் பிடிக்க வந்த சட்டம் அது. அன்றைக்குச் சாரல் அடித்து, இருந்த ஒரே மாவு மூட்டை நனைகிறதே என்று அப்பா நம் கடைக் கதவைச் சாத்தினார், நேரம் பார்த்து இன்ஸ்பெக்டர் வந்து நின்றார். மழைங்க என்று இவர் சொல்ல, சட்டத்துல மழைன்னு எதுவும் இல்லையே என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். கீழ்க் கோர்ட்டிலும் அதையே சொல்லி லைசென்ஸை ரத்து செய்துவிட்டார்கள். அப்பீல் போனோம், அது முடியும்வரை கடையைத் திறந்து வைக்கலாம் என்றார்கள். கடை இல்லாத அப்பாவை நானும் பார்த்ததில்லை, நீயும் பார்த்ததில்லை.

அவருக்கோ வேறு யோசனை. கதவு இருந்தாத்தானே மூடுறதுக்கு என்று கீலோடு கழற்றி, இதையே சாட்சியாகக் காட்டுகிறேன் என்று சித்தப்பாவோடு தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். கண்டக்டர் கதவுக்கு அரை டிக்கெட் போட்டார். நான் எதற்கென்றே தெரியாமல் சாவியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன்.

கதவே இல்லாத கடையில் கதவு திறந்திருக்கிறது என்று எப்படிச் சொல்வது, சட்டத்தை உள்ளது உள்ளபடி படிக்க வேண்டும் என்றார் அரசு வக்கீல். எழுத்தை விடுங்கள், நோக்கத்தைப் பாருங்கள், ஜனங்களுக்குச் சரக்கு கிடைக்க வேண்டும், அதுதான் நோக்கம் என்று நம் வக்கீல் மேசையைத் தட்டினார். நீதிபதி அப்பாவிடம் திரும்பி, சரி, கிடைக்குதா என்றார். எங்கய்யா கிடைக்குது, அந்த மூட்டையோட சரி, அப்புறம் லாரியே வரலை, வெறும் அலமாரியத் துடைச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன், நாலு பேரு வந்து விலையாவது கேட்டுட்டுப் போறாங்க என்று இவர் போட்டு உடைத்தார். நம் வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார். எழுத்தும் போச்சு, நோக்கமும் போச்சு. சிரிப்பதா என்று யோசிப்பதற்குள் நான் அழுதுவிட்டேன்.

ஒன்றுமே இல்லாதவன் எதைப் பதுக்குவான் என்று நீதிபதி லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஆனால் அரசு மேல் கோர்ட்டுக்குப் போகிறதாம், அதனால் கதவு சாட்சியப் பொருள், அங்கேயே இருக்க வேண்டுமாம். குமாஸ்தா அதன் கொண்டியில் குடையை மாட்டுகிறார். ஆக, ஒன்றையும் விற்காமல் இருக்க நமக்கு முறைப்படி அனுமதி உண்டு.

கடை வாசல்தானே நம் வீட்டுக்கும் வாசல், அப்பா அங்கேயே குறுக்கே கட்டில் போட்டுப் படுக்கிறார். கடை நிமிரட்டும், அப்புறம் பாப்பா வரட்டும் என்று உன்னிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறார் அல்லவா, அதை அந்த அரசு வக்கீல் மாதிரி உள்ளபடி படித்துக்கொண்டு அங்கேயே இருந்துவிடாதே. தெருமுனையில் பஸ் நிற்கும் சத்தம் கேட்டால் மனிதர் எழுந்து உட்கார்ந்துகொள்கிறார். எனக்கும் உன்னைப் பார்க்க வேண்டும்.

உடம்பும் மனசும் நோகாமல் நீ நன்றாக இருக்க வேண்டும். உன்னிடம் உள்ள வாசல் சாவியைத் தொலைத்துவிடாதே, கதவு எப்படியும் திரும்பி வரும். நீ அதுவரை காத்திருக்க வேண்டாம், தட்டக்கூட வேண்டாம், நேராக உள்ளே வா.

இப்படிக்கு,
உன் வரவை எண்ணி,
அம்மா