சுடாத யானையை அளந்தோம்

அக்கா,

இன்று காலை அச்சைப் பிரித்தபோது ஈர மண் வாடை முகத்தில் அடித்தது. உள்ளே இருந்த பொம்மை யானையை எடுத்துப் பலகையில் வைத்தேன். பக்கத்தில், நேற்று சூளையிலிருந்து இறக்கிய யானை நின்றது. இரண்டும் ஒரே அச்சில் வார்த்தவை. சுட்டது மட்டும் ஒரு விரற்கடை குட்டை. சுட்டால் மண் சுருங்கும் என்பது விருத்தாசலத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனாலும் எனக்குக் கை ஓடவில்லை. உங்கள் ஆமை நினைவுக்கு வந்துவிட்டது.

பள்ளியைப் பாதியில் விட்டு இந்தப் பட்டறைக்கு வந்த புதிதில் நான் யாரோடும் பேசமாட்டேன். கடலூர்ப் பக்கத்துக் குப்பத்திலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்த நீங்கள்தான் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டீர்கள். கரையில் ஒதுங்கும் உயிர்களைப் படமெடுத்து அனுப்பும்படி கடல் ஆராய்ச்சி செய்யும் மேடம் ஒருவர் உங்கள் குப்பத்தில் கேட்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் நாம் ரயிலேறிப் போவோம். நீங்கள் பார்த்துச் சொல்வீர்கள், நான் என் போனில் படமெடுத்து எழுதி அனுப்புவேன். ஒருமுறை தூரத்தில் ஏதோ துள்ளியதை நான் டால்ஃபின் என்று எழுதிவிட்டேன். அழிக்கச் சொன்னீர்கள். “பாத்தத எழுது. ஆசப்பட்டத எழுதாத.”

சூளை அடுக்கும் அண்ணன் திங்கட்கிழமைதோறும், “என்னம்மா, ஆமைக்கெல்லாம் ஆதார் கார்டு எடுத்தாச்சா?” என்பார். “ஒங்களுக்குத்தாண்ணே பாக்கி. என்னா எனம்னே தெரியலயாம்” என்பீர்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பேன்.

அளவு தெரிய படத்தில் பக்கத்தில் ஏதாவது பொருள் வைக்கச் சொன்னார் மேடம். சுட்டபின் காது உடைந்து கழித்துப் போட்ட யானை ஒன்றை நீங்கள் பையில் போட்டுக்கொண்டீர்கள். அதன் உயரத்தைப் பட்டறையிலேயே அளந்தீர்கள், அச்சிலிருந்து அப்போதுதான் எடுத்திருந்த இன்னொரு யானையில் ஸ்கேலை வைத்து. ஒரே அச்சுதானே என்று இருவரும் நினைத்தோம். அந்த உயரத்தைத்தான் அனுப்பினோம். அதை வைத்துக் கணக்கிட்டு, நீங்கள் கரையில் கண்டது போல இவ்வளவு பெரிய பங்குனி ஆமை தங்களுக்கு வந்ததே இல்லை என்று மேடம் எழுதினார். திரும்பி வரும் ரயிலில் நெய்வேலி தாண்டியும் நீங்கள் சிரிப்பை நிறுத்தவில்லை. மஞ்சள் காமாலை முற்றி ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் ஊசி போட வந்த நர்ஸிடம் அந்த ஆமையைப் பற்றித்தான் பேசினீர்கள்.

இந்த வருட அறிக்கையில் அந்த அளவைச் சேர்க்கலாமா என்று மேடம் நேற்று கேட்டிருந்தார். நீங்கள் இல்லாதது அவருக்குத் தெரியாது. நான் சும்மா இருந்தால் அந்தப் பெரிய ஆமை உங்களுடையதாகவே இருக்கும். அளவு தப்பு என்று சொல்லிவிட்டால் அது எல்லா ஆமையையும் போல ஓர் ஆமை. உங்களிடம் மிச்சமிருந்த சந்தோஷத்தையும் நான் பிடுங்குவது போல இருந்தது. மத்தியானம்வரை ஒரு பொம்மைகூட ஒழுங்காக வரவில்லை. பிறகு இரண்டு யானைகளையும் சேர்த்துப் படமெடுத்து, நடந்ததை எழுதி அனுப்பிவிட்டேன்.

உடனே மேடம் கூப்பிட்டார். போன் வந்தால் எடுக்காதவள், எடுத்தேன்.

“பரவாயில்லம்மா. சரியான அளவுதான் எங்களுக்கு வேணும். அக்காவ ஒரு தடவ பேசச் சொல்லேன்.”

“அக்கா இல்லைங்க மேடம். தை மாசம் எறந்துட்டாங்க.”

இங்கே எல்லோருக்கும் தெரியும் என்பதால் இதுவரை அதை நான் யாரிடமும் வாய்விட்டுச் சொல்ல நேர்ந்ததில்லை. சொன்னபிறகுதான் நீங்கள் நிஜமாகவே போய்விட்டது போலிருந்தது. அறிக்கையில் பார்த்தவர் என்று உங்கள் பெயர்தான் இருக்கும் என்றார் மேடம். அளவைத் திருத்தியவர் என்று போட என் பெயரைக் கேட்டார். சொன்னேன், கேட்கவில்லை என்றார். இன்னொரு முறை சத்தமாகச் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போதும் போகிறேன் அக்கா. செத்து ஒதுங்கிய ஆமையைக் கண்டால், நீங்கள் செய்தது போலவே முதலில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி அதன் கண்ணிலிருந்து மணலைக் கழுவிவிடுகிறேன். ஆராய்ச்சிக்கு அது தேவையில்லைதான். பிறகுதான் படம் எடுக்கிறேன்.