ஏழாம் கூடத்தில் மனிதர் இல்லை

நாள் 4118, இரவு 21:40

ஆலா கப்பல், பள்ளி முனையம். எழுதுவது மதுரவாணி, பத்தாம் வகுப்பு. விளக்கணைத்த பிறகு முனையத்தில் உட்காரக் கூடாது. திரையையும் என்னையும் ஒரே போர்வையால் மூடிக்கொண்டு எழுதுகிறேன்.

வீட்டுப்பாடம்: சரிபார்ப்பானின் புதிய பதிப்பைப் பற்றி ஒரு பக்கம். கப்பலில் எந்த நிரலும் ஓடுவதற்கு முன் சரிபார்ப்பான் அதை வரிவரியாகப் படிக்கும். அதில் வரும் ஒவ்வொன்றும் என்ன வகை என்று பார்க்கும்: வெப்பமா, எடையா, சரக்கா, மனிதரா. முன்பு வகையை நாம் கையால் எழுத வேண்டும். இப்போது அதுவே ஊகித்துக்கொள்கிறது. நிரல்கள் ஒன்றை எப்படிப் பயன்படுத்துகின்றனவோ, அதுதான் அதன் வகை. இனிமேல் எதற்கு என்று, கையால் எழுதியிருந்த வகைகளையெல்லாம் போன மாதம் அழித்தார்கள். அன்றைக்கு எல்லோருக்கும் பாயசம்.

எடுத்துக்காட்டு வேண்டும். அம்மாவின் பெயரைத் தேடிப் பார்க்கிறேன்.

22:15

செண்பகவல்லி. வகை: சரக்கு.

மறுபடி தேடினேன். அதேதான்.

நோய்க்கு மருந்து கிடைக்கும் வரை அம்மா குளிர்பெட்டியில் தூங்குகிறாள். அவளோடு இன்னும் ஐந்து பேர். மின்சாரம் மிச்சம் பிடிக்க அவர்களுடைய நாடித்துடிப்பைப் படிக்கும் நிரலை நிறுத்தினார்கள். பெட்டிகளை ஏழாம் சரக்குக் கூடத்துக்கு மாற்றினார்கள். பெட்டிக்குள் தனிக் காற்று உண்டு, கவலைப்படாதே என்றார்கள். அதற்குப் பிறகு எந்த நிரலும் அம்மாவை மனிதராகத் தொடவில்லை. எடை பார்க்கிறது, இடம் பார்க்கிறது. அவ்வளவுதான்.

காலையில் கப்பல் வேகம் குறைக்கிறது. எடையைக் குறைக்க ஏழாம் கூடத்துச் சரக்கை வெளியே தள்ளப்போகிறார்கள். அந்த நிரலுக்குச் சரிபார்ப்பான் முத்திரை போட்டுவிட்டது.

22:50

நிரல் கூடத்தில் இரவு முறை சற்குணம் மாமாவுக்கு. சரிபார்ப்பானை மேம்படுத்தியவர் அவர்தான். கூப்பிட்டேன். பதிவு:

"யாரு, வாணியா? போர்வைக்குள்ளேருந்து பேசுற மாதிரி இருக்கு."

"மாமா, ஏழாம் கூடத்துல எங்கம்மா இருக்காங்க. தள்ளிடாதீங்க."

"கனவு கண்டியா? மனுஷங்க இருந்தா சரிபார்ப்பான் நிறுத்தியிருக்கும்மா."

"அதுக்குத் தெரியல. ஒரு தடவை போய்ப் பாருங்க."

"முத்திரை விழுந்ததையும் போய்ப் பாக்கணும்னா, நாலு வருஷமா நான் எதுக்கு இதைக் கட்டிக்கிட்டு அழுதேன்? தூங்கு. கேப்டன் காதுல விழுந்தா கழிப்பறை கழுவுற முறை உனக்குத்தான்."

துண்டித்துவிட்டார்.

23:30

எங்கள் பயிற்சி நிரல்களையும் சரிபார்ப்பான் படிக்கும். 'வணக்கம் சொல்' என்று ஒரு செயல் எழுதினேன். அதற்குள் என் வகுப்பு முழுவதையும் அனுப்பினேன். கடைசியில் அம்மாவை. மனிதருக்குத்தானே வணக்கம் சொல்வோம். முரண் வரும், எல்லாவற்றையும் நிறுத்தும் என்று நினைத்தேன்.

'முரண் தீர்க்கப்பட்டது' என்றது.

புதிய பதிப்பு நிறுத்தாதாம். முத்திரை விழுந்த பக்கத்தை அப்படியே வைத்துக்கொண்டு, மறுபக்கத்தை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுமாம். முத்திரைப்படி அம்மா சரக்கு. அப்படியென்றால் வணக்கம் சரக்குக்குச் சொல்வது. அப்படியென்றால் வணக்கம் பெற்ற எல்லோரும்

மதுரவாணி. வகை: சரக்கு.

ஓடிப்போய்க் கதவைத் தொட்டேன். திறக்கவில்லை. கதவுகள் மனிதருக்கு மட்டும்தான் திறக்கும்.

01:10

அழுது முடித்துவிட்டுத் தள்ளும் நிரலைத் திரும்பப் படித்தேன். அதை ஓட்டக் கட்டளை வேண்டும். கட்டளை கொடுப்பது மனிதராக இருக்க வேண்டும்.

கப்பலில் யாருமே மனிதர் இல்லையென்றால்?

கப்பலில் இருப்பவர்களின் பட்டியல் முழுவதையும் வணக்கத்துக்குள் போட்டேன். கேப்டன். சற்குணம் மாமா. எல்லோரும்.

01:25

'கட்டளையிட மனிதர் இல்லை. தள்ளுதல் நிறுத்தப்பட்டது.'

சத்தமாகச் சிரித்துவிட்டேன். அப்போதுதான் விசிறிகள் நின்றன. மனிதர் இல்லாத கப்பலுக்குக் காற்று நிரல் காற்று அனுப்பாது.

02:05

சற்குணம் மாமா கூப்பிட்டார்.

"வாணி, என் திரை என்னையே உள்ள விட மாட்டேங்குது. உன் முனையம் ஒண்ணுதான் ஏற்கெனவே திறந்திருக்கு. உன் பாடக் கோப்பை, அந்த வணக்கத்தை, அழிச்சுடு."

"அழிச்சா நீங்கல்லாம் மறுபடி மனுஷங்க ஆயிடுவீங்க. தள்ளிடுவீங்க."

"நான் தள்ள மாட்டேன்டா."

"கேப்டன்?"

"அவருக்கு நான் எப்படி வாக்குக் குடுக்குறது?"

"ஏழாம் கூடத்துக்குப் போய் எங்கம்மா முகத்தைப் பாருங்க. பாத்துட்டுச் சொல்லுங்க. உடனே அழிக்கிறேன்."

"கதவையெல்லாம் கையால சுத்தணும். நானே உன்கிட்ட வந்து அழிச்சுட்டா?"

"என்கிட்ட வர ஒன்பது கதவு. அங்க போக ரெண்டுதான்."

"அடிப்பாவி. எண்ணி வேற வெச்சிருக்கா."

கையடக்க ரேடியோவை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

02:40

தலை இடிக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் சின்ன வகுப்புப் பிள்ளைகள் தூங்குகிறார்கள். ஒருவர் மாற்றி ஒருவர் இருமுகிறார்கள். கயல்தான் அழுகிறாள், குரல் தெரிகிறது. ஆறு வயது. என்னால்தான்.

அம்மாவின் பெட்டியில் காற்று இருக்கிறது. எங்களுக்குத்தான் இல்லை.

02:58

"முதல் கதவு... ஆச்சு. அழிச்சுடும்மா. குழந்தைங்க இருக்காங்க."

"தெரியும் மாமா. சீக்கிரம் பாருங்க."

03:20

"ரெண்டாவதும்... திறந்துட்டேன். ஒரே இருட்டு. பெட்டி இருக்கு. கண்ணாடி முழுக்கப் பனி. இரு, துடைக்"

அதற்குப் பிறகு மூச்சுச் சத்தம். இப்போது அதுவும் கேட்கவில்லை. மாமா என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறேன்.

கயலின் அழுகை நின்றுவிட்டது.

'பாடக் கோப்பு: அழிக்கவா?' திரை கேட்கிறது. இடது கையால் எழுதுகிறேன். வலது கையை முதுகுக்குப் பின்னால் வைத்து அதன்மேல் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறேன். அது என் பேச்சைக் கேட்காமல் முன்னால் வந்து 'ஆம்' தட்டப் பார்க்கிறது

மாமா துடைத்தீர்களா

முகம் தெரிகிறதா யாராவது பார்த்துச் சொல்