குளவி அட்டையைச் சுற்றி ஒரு வெள்ளைக் கோடு

ஆகஸ்ட் ஒன்பது, ஞாயிறு, காலை ஆறரை மணி. நூறு மக்காச்சோளச் செடிகளைப் பார்த்தேன். முப்பத்து நான்கில் குருத்துக்குள் படைப்புழு.

பிரியமுள்ள அண்ணா,

இந்தக் கணக்கைக் கேட்டால் நீ சிரித்திருப்பாய். போன வருடம், நீ உயிரோடு இருந்த கடைசிப் போகத்தில், இதே ஹனூர்க் காட்டில் நான் மைசூரிலிருந்து கொண்டுவந்த குளவி அட்டை, அதுதான் குளவி வளரும் முட்டைகள் ஒட்டி செடியில் கட்டும் அட்டை, தோற்றுப்போனது. "உன்ற குளவியெல்லாம் மைசூருக்கே திரும்பி பஸ் ஏறிப் போயிருச்சாட்ட இருக்குதுடா" என்றாய். கதிரில் பாதி பொக்கு.

நான் சிரிக்கவில்லை. அந்தக் குளவி கடுகைவிடச் சிறியது. படைப்புழுவின் முட்டைக்குள் தன் முட்டையை வைத்து, புழு பிறக்கும் முன்பே முடித்துவிடும். பூச்சிமருந்து வாடை பட்டால் போதும், குளவி செத்துவிடும். அதனால்தான் திருட்டுத்தனமாக மருந்து அடித்தாயா என்று உன்னைக் கேட்டேன். "உம்மேல ஆணையா மருந்து தொடலீடா" என்றாய். நான் நம்பவில்லை.

இந்த வருடம் அண்ணி தனியாளாக உழுது விதைத்து, நான் வாங்கித் தந்த குளவி அட்டைகளையும் அவரே கட்டியிருக்கிறார். இதுவும் பொக்கானால் காட்டைக் குத்தகைக்கு விட்டுவிட்டு நஞ்சன்கூட்டில் கம்பெனி வேலைக்குப் போய்விடுவாராம். நாளைக் காலை மருந்து அடிக்க ஆள் சொல்லிவிட்டார்.

முதலில் அட்டை விற்ற மைசூர் மண்டி மொஹல்லா கடைக்காரரைத்தான் சந்தேகப்பட்டேன். பழைய அட்டையைத் தள்ளிவிட்டிருப்பார் என்று நினைத்தேன். லென்ஸ் வைத்துப் பார்த்தால், அட்டையில் இருந்த முட்டைகளில் துளை இருந்தது. குளவி பொரிந்து வெளியே வந்திருக்கிறது. கடைக்காரர் தப்பித்தார். அடுத்தது அண்ணி.

"நிஜமாச் சொல்லுங்க அண்ணி. மருந்து அடிச்சீங்களா?"

"நானுங்களா? அந்த டப்பாவக் கையாலயும் தொடலீங்க தம்பி. போலீஸாட்டம் கேக்கறீங்க!"

பேசிக்கொண்டே அட்டையைத் திருப்பினேன். ஓரம் முழுக்க வெள்ளைக் கோடு. கோட்டின் மேல் மிளகுத்தூள் சிந்தியதுபோல் செத்த குளவிகள்.

"இது என்னங்க?"

"எறும்புச் சாக்பீஸ் தம்பி. எறும்பு முட்டையத் தின்னுபோடும்னு நீங்கதான சொன்னீங்க? வெல்ல டப்பாவுக்குப் போடறதில்லீங்களா? போன வருசம் உங்க அண்ணன் கட்டின ஒவ்வொரு அட்டைக்கும் போட்டாரு. எறும்பு தின்னுட்டா தம்பி மூஞ்சி வாடிப்போயிரும்னாரு."

அதுவும் பூச்சிமருந்துதான் அண்ணா. டப்பாவில் வந்தால் மருந்து, சமையலறை அலமாரியில் இருந்தால் சாக்பீஸா? நான் கேட்டபோது இதை ஏன் சொல்லவில்லை? மறந்தாயா, மறைத்தாயா? அண்ணி சொல்வதைப் பார்த்தால் அது மருந்து என்றே உனக்குத் தோன்றவில்லை. என் மூஞ்சி வாடக் கூடாதென்று என் குளவிகளை ஒவ்வொரு அட்டையாகக் கொன்றிருக்கிறாய். இதற்கு உன்னைத் திட்டுவதா, என்ன செய்வது?

அதற்காக எல்லாம் தெளிவாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். கோடு இல்லாத அட்டை ஜெயிக்கும் என்பதற்கு இந்தக் காட்டில் இன்னும் ஒரு சாட்சியும் இல்லை. என் விவசாயப் படிப்பையும் சேர்த்தே சந்தேகப்படுகிறேன். ஒரு வாரம் தரச் சொல்லி அண்ணியிடம் கெஞ்சினேன். "ஒரே ஒரு வாரமுங்க. அப்பறம் உங்க பேச்சக் கேக்க மாட்டேன்" என்றார். இனி செய்யப்போவது இதுதான்:

1. மருந்து அடிக்கும் ஆளை நாளை வரவேண்டாம் என்று இன்றே சொல்வேன்.

2. பிறந்துவிட்ட புழுவைக் குளவி தொடாது. அதற்குப் புழுவைக் கொல்லும் பூஞ்சாணக் கரைசலை இன்று சாயங்காலமே குருத்துக்குள் ஊற்றுவேன்.

3. புது அட்டைகளை நானே கட்டுவேன். பாதிக் காட்டில் மட்டும். மறுபாதி ஒப்பிட்டுப் பார்க்க.

4. அடுத்த ஞாயிறு இதே நேரத்தில் மறுபடி எண்ணுவேன். அண்ணியையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு.

5. புழு குறையவில்லை என்றால் ஆளைக் கூப்பிட மாட்டேன். மருந்துத் தெளிப்பானை நானே முதுகில் மாட்டுவேன். அண்ணியின் சோளத்தைவிட என் குளவி பெரிதில்லை. இது உனக்குத் தரும் வாக்கு.

உன் ஆணையை ஒரு வருடம் தாமதமாக நம்பும்
உன் தம்பி