புகைக்கு முன்னால் இறங்கிய கோடு

ஆடி வெள்ளி, இரவு

பட்டாசுக் கம்பெனி ஃபோர்மேனான அப்பா இன்று முதல்முறையாக எங்கள் கல்லூரி ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். மருந்து அறைக்குள் நுழையுமுன் உடம்பு மின்சாரம் இறங்கத் தொடும் செம்புத் தகட்டை, பழக்கத்தில் எங்கள் வாசலிலும் தேடினார். கிடைக்காமல் இரும்புக் கதவைத் தொட்டுவிட்டு உள்ளே வந்தார்.

எண்ணெய் பொதிந்த பாறைத் துண்டைச் சூடாக்கி, அதன்மேல் லேசரைப் பாய்ச்சினேன். கல் அசையாமல் கிடந்தது. திரையில், கல்லின் சமிக்ஞையைக் காட்டும் கோடு மட்டும் சட்டென்று இறங்கியது.

“உள்ள எண்ணெய் பிரியுதுப்பா” என்றேன். எனக்கே சிலிர்த்தது.

பிறகுதான் புகை வந்தது. அப்பா பாய்ந்து மணல் வாளியைக் கல்லின்மேல் கவிழ்த்துவிட்டார். மூன்று வார வேலை! கத்த வாயெடுத்தேன். அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“புகைக்கு முந்தியே சொல்லுதே தாயி. கம்பெனியில நாலாம் ரூம் வெடிச்ச அன்னைக்கு இப்படி ஒரு கோடு இருந்திருந்தா...”

மணலை இன்னும் நான் அள்ளவில்லை.