தப்பான இஞ்சினுக்குப் பொட்டு

1992, தை மாதம், கடைசி வெள்ளி இரவு. ஆவடி குவார்ட்டர்ஸ்.

இன்று வாசலில் இருந்தவர்கள்: இவர், மெக்கானிக் தேவராஜ், நான். இவர் வாங்கிய பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு இன்றுதான் இஞ்சின் மாற்ற ஆரம்பித்தார்கள். பழையதைச் சங்கிலி போட்டுத் தூக்கி இறக்கினார்கள். பக்கத்திலேயே மாற்று இஞ்சினும் கிடந்தது. இரண்டிலும் ஒரே கிரீஸ். நல்ல காரியம் தொடங்கும்போது சும்மா இருக்கலாமா என்று கைக்கு எட்டியதற்கு மஞ்சள் குங்குமம் வைத்தேன்.

"யக்கா, கயட்டிப் போட்டதுக்குப் பொட்டு வச்சிகினு கீறியே! மாத்தப் போறது அந்தாண்ட கீது!" என்று தேவராஜ் சிரித்தான்.

இவரும் சிரித்துவிட்டார். இந்தக் கார் வந்ததிலிருந்து இவர் சிரித்து நான் பார்க்கவில்லை. எனக்கு வெட்கத்தைவிடச் சந்தோஷம்தான் அதிகம். அந்தத் தைரியத்தில் கேட்டுவிட்டேன்.

"ரெண்டே சீட்டுதானே, உங்களுக்கும் எனக்கும் சரியா இருக்கும். ஓட ஆரம்பிச்சதும் என்னைத் திருவேற்காடு அம்மன் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போவீங்களா?"

"அந்த ஸ்பேனரை எடு" என்றார் இவர்.

எடுத்துக் கொடுத்தேன். தேவராஜ் தலையைக் குனிந்துகொண்டான். சாப்பிடும்போதும் இவருக்கு இஞ்சின் பேச்சுதான். காது கேட்கவில்லையோ என்று நானே நினைத்துக்கொள்கிறேன். இப்போது தூங்குகிறார்.

கருமாரித் தாயே, போகலாம் என்றாலும் சரி, முடியாது என்றாலும் சரி. சீக்கிரம் இவரை ஒரு பதில் சொல்லச் சொல்.