இருபத்திநான்கு சட்டைத் தெறி

மார்ச் 6, 1999. சனி

முப்பத்தேழு டிகிரி. காலை ஒன்பதுக்கே கார் ஸ்டீரிங்கில் கை வைக்க முடியவில்லை.

இன்று ரோவில் பக்கத்துப் பள்ளிக்கூட ஹோலில், புலம்பெயர்ந்து வந்த எங்கள் சங்கத்தின் சாமான் கட்டும் நாள். வன்னியில் சண்டைக்குள் அகப்பட்ட சனத்துக்கு. பால்மா, பனடோல், துவாய், கொப்பி, பென்சில். நான் கொண்டுபோனது ஒரு சின்னப் பை. உள்ளே 24 பற்றரி. காது மெஷினுக்குப் போடுவது. ஒவ்வொன்றும் கடலைப் பருப்பு அளவு.

செயலாளர் தர்மலிங்கம் அங்கிள் கையில் பட்டியலோடு ஒவ்வொரு பையாகத் திறந்து பார்க்கிறார்.

"பற்றரி ஏலாது மலர். வவுனியாச் சாவடியில ஆமி கண்டா முழுக் கொண்டெயினரும் நிண்டிடும்."

"அங்கிள், இது காதுக்குப் போடுறது. ஒரு டோர்ச்சுக்குக்கூடப் போடேலாது. இதால குண்டு செய்யேலுமே?"

"எனக்கு விளங்குது பிள்ளை. அவங்கட தடை லிஸ்டில பற்றரி எண்டுதான் கிடக்கு. காதுக்கோ மூக்குக்கோ எண்டு கேக்க மாட்டாங்கள்."

விளங்குதாம். விளங்கி என்ன, அவித்துக் குடிக்கவா? பிறகு முக்கால் மணித்தியாலம், பெட்டி லேபலில் சங்கத்தின் பெயர் மேலேயா கீழேயா என்று ஒரே சண்டை. அதற்கு மட்டும் எல்லாருக்கும் வாய் இருந்தது. நான் ஒரு பெட்டியும் கட்டாமல் வந்துவிட்டேன்.

வசந்தியின் கடிதத்தைத் திரும்ப எடுத்துப் படித்தேன். என் ஒரே தங்கச்சி. ஒன்பது வயதில் காய்ச்சலில் போன காது, மெஷின் போட்டால்தான் கேட்கும். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து இப்போது வன்னியில் மல்லாவிப் பக்கம் ஒரு கொட்டில். மகளுக்கு ஆறு வயது, மகனுக்கு மூன்று. கைவசம் இருந்த பற்றரி முடிந்து நாலு மாதமாம். குண்டு போட கிபிர் விமானம் வந்தால் மகள்தான் சட்டையைப் பிடித்து இழுத்துப் பங்கருக்குக் கொண்டுபோகிறாள். ஆறு வயதுப் பிள்ளை! இவளுக்குக் கேட்காது என்ற பயத்தில் குணம் வேலைக்கே போகாமல் வீட்டோடு காவல் இருக்கிறார். புருஷன் வீட்டோடு இருந்தால் அடுப்பு எப்படி எரியும்? "ஒரு நேரக் கஞ்சியோட போகுது அக்கா" என்று எழுதியிருக்கிறாள், ஏதோ காலநிலை சொல்வது போல.

மார்ச் 9. செவ்வாய்

மழை. சூடு தணிந்தது. டேண்டினோங் தையல் பக்டரியில் இன்று கதிரைக் குஷன் அறுபது. நடுவில் துணி சுற்றிய தெறி (பட்டன்) வைத்துத் தைக்கும் டிசைன். தகரத் தட்டின் மேல் துணியைப் போட்டு அமத்தினால் வேலை முடிந்தது. உள்ளே தகரமா தங்கமா யாருக்குத் தெரியும்?

பதினோராவது குஷனில் கை நின்றுவிட்டது. தகரத்துக்குப் பதில் பற்றரி!

சூப்பர்வைசர் "ஆர் யூ ஓகே, மலர்?" என்றாள். சிரித்தேன். எத்தனை நாளுக்குப் பிறகு.

வாங்க: பருத்தித் துணி 4 மீற்றர், மண்ணிற நூல், பால், கறுவா.

மார்ச் 13. சனி

காலையிலிருந்து தையல். இரண்டு ஹவுஸ்கோட், வீட்டில் போடும் நீளச் சட்டை, கழுத்திலிருந்து கால் வரை, ஒவ்வொன்றிலும் பன்னிரண்டு தெறி. ஒரு பற்றரி இரண்டு கிழமை வரும். 24 என்றால் ஏறக்குறைய ஒரு வருஷம். ஒரு வருஷம் அவளுக்குக் காது இருக்கும்.

ஒவ்வொரு பற்றரியிலும் வாலோடு ஒரு செம்மஞ்சள் ஒட்டுத்தாள். மெல்லிய துணி, வால் ஒரு பக்கம் புடைத்துக்கொண்டு நிறமும் தெரிந்தது. முதல் மூன்றையும் பிரித்தேன். ஒட்டுத்தாளை உரித்துவிட்டுச் சுற்றினால் அச்சு எடுத்த மாதிரி வருகிறது. இருபத்திநான்கையும் உரித்தேன்.

இவர் பேப்பரை இறக்கிவிட்டுப் பார்த்தார். "அது ஏன் ஒட்டியிருக்கிறாங்கள் எண்டு பாத்தனீரோ?"

"லேபல் மாதிரி ஏதோ. தையலுக்குள்ள நீங்கள் தலை போடாதேங்கோ."

பாவம், மனிசன் திரும்பவும் பேப்பருக்குள் போய்விட்டார்.

பின்னேரம் புஷ்பம் அன்ரி வந்தா. பின் தெருதான். செவ்வாய்க்கிழமை வவுனியாவிலுள்ள தமையனைப் பார்க்கப் போகிறா. வசந்தியின் பக்கத்துக் கொட்டில் ராணி கிளினிக்குக்குப் பாஸ் எடுத்து வவுனியா வரும்போது சட்டையைக் கொடுப்பதாக ஏற்பாடு. ராணி போட்டுக்கொண்டு சாவடி தாண்டுவாள். உள்ளே என்ன என்று அன்ரிக்கு மறைக்கவில்லை. மறைத்து ஒரு வயதுபோன மனுசியை மாட்டிவிடுவது பாவம்.

அன்ரி ஒரு தெறியைப் பிடித்து இழுத்துப் பார்த்தா.

"கடையில வாங்கினது எண்டுதான் சொல்லுவினம். பிடிச்சா என்ன, நான் கிழவி. குந்தியிருந்து ஒப்பாரி வைப்பன்."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. எழுதி வைக்கிறேன், ஒளிப்பானேன்.

மார்ச் 16. செவ்வாய்

அன்ரியை எயார்போர்ட்டில் விட்டேன். "போட்டு வாறன் பிள்ளை, யோசியாத." காற்று. பக்டரிக்கு அரை நாள் லீவு.

ஏப்ரல் 4. ஞாயிறு

ஈஸ்டர் விடுமுறை. மேகமூட்டம். குசினியில் புட்டு அவித்துக்கொண்டிருக்கும்போது வவுனியாவிலிருந்து அன்ரியின் ஃபோன் கோல்.

"மலர், நேற்றுப் போயிட்டாள்! ஒரு சட்டையப் போட்டுக்கொண்டு, மற்றதைப் பையில வைச்சுக்கொண்டு. நான் இஞ்சால கம்பியடியில நிண்டு பாத்தனான். மறைப்புக்குள்ள கொண்டுபோய் ஆமிப் பெட்டையள் தடவினவளவை. வெளியால வந்து எனக்குக் கையக் காட்டிப்போட்டுப் போறாள்."

"தெறி?"

"இருந்தது. எல்லாம் இருந்தது. எண்ணினனான்."

புட்டு அடிப்பிடித்துவிட்டது. கருகியதை இவர் சாப்பிட்டார். நான் அழுதேன், பிறகு தர்மலிங்கம் அங்கிளை நினைத்துச் சிரித்தேன்.

ஏப்ரல் 10. சனி

வெயில். அடுத்த வருஷத்துக்கும் இப்போதே வாங்கி வைப்போம் என்று காது மெஷின் கடைக்குப் போனேன். போயிருக்கவே கூடாது. இல்லை, முதலே போய்க் கேட்டிருக்க வேண்டும்.

கடையில் ஒரு வெள்ளைக்காரப் பெட்டை. இருபத்திநான்கா என்று கேட்டுவிட்டு, பொறுமையாக ஆங்கிலத்தில் விளங்கப்படுத்தினாள். தேவைப்படும்வரை ஒட்டுத்தாளை எடுக்கக் கூடாது. எடுத்தவுடன் காற்றுப் பட்டுப் பற்றரி வேலை செய்யத் தொடங்கிவிடும். பிறகு காதில் போட்டாலும் போடாவிட்டாலும் மூன்று கிழமைதான். சூடான இடமென்றால் அதுவும் இல்லை.

"ஒட்டுத்தாளைத் திரும்ப ஒட்டினால்?"

"நோ, லவ். வன்ஸ் இட்ஸ் ஆஃப், இட்ஸ் ஆஃப்."

உரித்து இன்றோடு நாலு கிழமை. காருக்குள் வந்திருந்து விரல் விட்டு எண்ணினேன், ஏதோ எண்ணினால் குறையும் என்பது போல. ஆமி ஒன்றும் செய்யவில்லை. சாவடியில் ஒருத்தியும் கை வைக்கவில்லை. நான்தான், என் கையால், ஒவ்வொன்றாக, இருபத்திநான்கையும். அச்சு எடுத்த மாதிரி வரவேணுமாம். மூதேவி.

ஏப்ரல் 11. ஞாயிறு

த பேசின் பிள்ளையார் கோயிலுக்குப் போனோம். கும்பிட வரவில்லை. அங்கே தர்மலிங்கம் அங்கிள். சங்கத்துச் சாமான் கொழும்பில் நிற்கிறதாம், லேபலில் எழுதியதும் கடிதத்தில் எழுதியதும் ஒத்துவரவில்லையாம். மற்ற நாளென்றால் அவரை ஒரு பிடி பிடித்திருப்பேன். இன்று என்ன முகத்தோடு வாய் திறப்பது?

வந்து வசந்திக்குக் கடிதம் எழுத இருந்தேன். "அன்புள்ள தங்கச்சி" வரை வந்தது. இவர் சொன்னார், "உள்ளதை எழுதும்." எழுதவில்லை. வெட்கம். போட்டுப் பார்த்தால் அவர்களுக்கே தெரியும்தானே. புதுசு அனுப்ப ஒரு ஆள் கிடைத்ததும் சேர்த்துச் சொல்லலாம்.

மே 21. வெள்ளி

குளிர். ஹீட்டர் பழுது. வேலையால் வந்து தபால்பெட்டியைத் திறந்தால் வன்னிக் கடிதம். ஏப்ரல் 16 என்று திகதி. உறை இரண்டு இடத்தில் உடைத்து ஒட்டியிருக்கிறது.

வசந்தி:

"அன்புள்ள அக்கா, இருபத்திநாலும் பத்திரமா வந்தது. போட்ட உடன கேட்டுது. காகம் கத்திறது, கிணத்தில வாளி விழுறது, மகன் நித்திரையில புலம்பிறது, எல்லாம் கேக்குது. உங்கட கைக்கு முத்தம். இனி என்னை நினைச்சுக் கவலைப்படாதேங்கோ."

ஏப்ரல் 16இல் அவை உரித்து ஐந்து கிழமை. அந்த வெக்கையில். முதல் ஒன்றிரண்டு நாள் கேட்டிருக்கலாம், அதுவும் நிச்சயமில்லை. மெஷின் போட்டுப் பழகியவள், ஒட்டுத்தாள் இல்லாததைக் கண்டவுடனே அவளுக்கு விளங்கியிருக்கும். யார் உரித்தது என்றும். எனக்கு நோகக் கூடாதென்று காகம், வாளி என்று அடுக்கியிருக்கிறாள், பொய்க்காரி.

மறுபக்கத்தில் குணத்தின் எழுத்து:

"அக்கா, நீங்கள் செய்த உதவியை உயிருள்ளவரை மறக்க மாட்டன். நான் கேக்க வாயத் திறந்தாப் போதும், எல்லாம் கேக்குது எண்டு இவ தலையாட்டிறா. காட்டுக்கு விறகு வெட்டப் போறன், கிழமையில அஞ்சு நாள், விடியப் போனாப் பொழுதுபட்டுத்தான் வருவன். பிள்ளையளை இவவோட விட்டிட்டுப் போறன். கிபிர் வந்தா இப்ப இவவுக்கே கேக்கும்தானே. மகளையும் பள்ளிக்கூடம் அனுப்பத் தொடங்கியிட்டம்."

எனக்கு மட்டும் சொன்ன பொய் இல்லை. அவருக்கும் அதே பொய். வாயசைவைப் பார்த்தே பதில் சொல்லப் பழகியவள். அடுப்பு எரிய வேண்டுமே. மகள் பள்ளிக்கூடத்தில், குணம் காட்டில். கொட்டிலில் கேட்காத அவளும் மூன்று வயதுப் பிள்ளையும். ஏப்ரலில் நான் என் வெட்கத்தைப் பார்க்காமல் நாலு வரி எழுதிப் போட்டிருந்தால் இந்நேரம் அவர் கையில் இருந்திருக்கும்.

வன்னிக்கு ஃபோன் இல்லை. அன்ரியின் தமையனுக்கு வவுனியாவுக்கு அடித்தேன். ராணிக்கு அடுத்த பாஸ் ஜூனில்தானாம், அதுவும் கிடைத்தால். கோட்டைக் கழற்றாமலே குந்தியிருந்து எழுதினேன்:

"குணம், வசந்திக்குக் கேட்காது. பற்றரி எல்லாம் செத்தது. பிழை என்னுடையது. அவ சொல்றதை நம்பி விட்டிட்டுப் போகாதேங்கோ."

தபால் கந்தோர் மூட ஐந்து நிமிஷம் இருக்கும்போது கொடுத்தேன். எத்தனை நாளில் போகும் என்று கவுண்டரில் நின்றவனைக் கேட்டேன். கொழும்புக்கு என்றால் பத்து நாள், அதற்கு அங்கால தங்களுக்குத் தெரியாது என்றான்.

குணம் வேலைக்குப் போகத் தொடங்கி இன்றோடு ஐந்து கிழமை.