துணி காயப்போட நூறு மீட்டர் கயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதம் அம்மாவுடையது, கையெழுத்து மட்டும் என்னுடையது. அம்மா சொல்வதையும் நான் கண்ணால் பார்த்ததையும் கூட்டாமல் குறைக்காமல் உண்மையாக எழுதுவேன் என்று முதலிலேயே உறுதி சொல்லிவிடுகிறேன். இங்கே மூவரும் நலம். உன் இருமல் நின்றதா, புது அறையில் காற்று வருகிறதா, ஏன் போனில் குரல் கம்மியிருந்தது என்று அம்மா ஒரே மூச்சில் கேட்கிறாள். அவளே எழுதாததற்குக் காரணம், வலது கட்டைவிரலில் கட்டுப் போட்டிருக்கிறது. பதறாதே, கயிறு அளந்து அளந்து தோல் உரிந்துவிட்டது, அவ்வளவுதான். "அதையெல்லாம் எழுதாதடி, பிள்ள அங்க தனியா உக்காந்து பயந்துக்குவா" என்றாள். உண்மையை எழுதுவதாக மேலே சொல்லிவிட்டேன், மையில் எழுதியது இனி அழியாது என்றேன். அந்தக் கயிற்றால்தான் இவ்வளவும் நடந்தது, அதனால் அதையே முதலில் சொல்கிறேன்.

நீ கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாகப் போட்டு அனுப்பிய தாள் வந்து சேர்ந்தது. அடுத்த மூன்று மாதம் உறுப்பினர்கள் எந்தப் பக்கம் போவார்கள், எந்த மீனுக்குப் போவார்கள் என்று முன்கூட்டியே தெரிந்தால்தான் நம் மீனவர் சங்கம் அதற்கேற்ற ஐஸும் பெட்டியும் சொல்லிவைக்க முடியும். போன வருடம் சங்கச் செயலாளர் என்ற முறையில் அப்பா ஆளாளுக்கு வாயால் சொன்னதை நம்பி மத்தி மீனுக்காக நானூறு கூடை வாங்கிவைத்தார். மத்தி கரைப்பக்கமே வரவில்லை. போனவர்களெல்லாம் பாறைக்கு அப்பால் ஆழத்தில் பெரிய பெரிய கலவா மீனாகப் பிடித்துக்கொண்டு வந்தார்கள், வைக்க ஐஸ் இல்லை, பாதி வீணாகிவிட்டது. கூடைகள் இன்னும் தீரவில்லை. என் புத்தகங்கள் ஒன்றில், அழுக்குத் துணி இரண்டில், வெங்காயம் ஒன்றில், பக்கத்து வீட்டுப் பூனை குட்டி போட்டது ஒன்றில். அப்பாவைச் சங்கத்தில் எல்லோரும் கூடைச் செயலாளர் என்றே கூப்பிடுகிறார்கள். அவர் சிரித்துக்கொள்வார். ஆனால் இந்த முறையும் கணக்குத் தப்பினால் ஆளை மாற்றிவிட வேண்டும் என்று ஹாரன் மாமா ஒரு தீர்மானம் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தார். படகு ஹாரன் மாதிரி பேசுவாரே, அவர்தான். பதவி போனால் அப்பா மறுபடி படகுக்குத்தான் போக வேண்டும். படகில் கால் வைத்தாலே அவருக்குத் தலை சுற்றும் என்பது உனக்கும் எனக்கும் அம்மாவுக்கும் மட்டும் தெரிந்த விஷயம், அங்கே யாரிடமும் சொல்லிவிடாதே.

அதனால் உன் தாளை அப்பா ரொம்ப நம்பினார். நாற்பது உறுப்பினருக்கும் வீடு வீடாகப் போய்க் கொடுத்து, நாற்பதையும் திருப்பி வாங்கிவந்தார். நான்தான் வாசித்துக் காட்டினேன். எங்கே பிடிப்பீர்கள் என்ற கட்டத்தில் ஒன்பது பேர் "கடலில்" என்று எழுதியிருந்தார்கள். எதைப் பிடிப்பீர்கள், "மீன்". எப்போது, "கிடைக்கும்போது". எட்டுப் பேர் பெயரை மட்டும் எழுதிக் கீழே ஒரு படகுப் படம் வரைந்திருந்தார்கள், ஒரு படம் நன்றாகவே இருந்தது. இருபத்திரண்டு பேர் "கரையோரம், மத்தி" என்று ஒரே மாதிரி, ஒரே எழுத்துப்பிழையோடு எழுதியிருந்தார்கள். எங்கள் வகுப்பில் இப்படி வந்தால் டீச்சர் இருபத்திரண்டு பேருக்கும் பூஜ்யம் போட்டுவிடுவார். எப்போதும் தொப்பியோடு திரிவாரே, அந்தத் தொப்பிக்காரர் ஒருவர்தான் "பாறைக்கு அப்பால், கலவா" என்று தெளிவாக எழுதியிருந்தார். "இவ்வளவு தெளிவா எழுதறான்னா கண்டிப்பா வேற எங்கியோதான் போறான்" என்று அப்பா அந்தத் தாளை மட்டும் தனியே ஒதுக்கி வைத்துவிட்டு, மத்திக்குச் சின்னப் பெட்டியும் கொஞ்சம் ஐஸும் போதும் என்று கணக்குப் போட்டார். ஐஸ் தொழிற்சாலைக்கு நாளை மதியத்துக்குள் அளவு சொல்லியாக வேண்டும். பிறகு கூடுதலாகக் கேட்டால் தரமாட்டார்கள்.

அம்மாவுக்கு அந்தக் கணக்கு பிடிக்கவில்லை. அவள் சங்கத்துக் கடையில் உட்கார்ந்திருக்கிறவள் அல்லவா. கரையோரம் போகிறவனுக்கு இருக்கிற நங்கூரக் கயிறே தாராளம், ஆழத்துக்குப் போகிறவனுக்குத்தான் நீளக் கயிறு வேண்டும். போன திங்கட்கிழமை ஒருவர் வந்து நூறு மீட்டர் கயிறு கேட்டார். எதற்கு என்று அம்மா கேட்கவே இல்லை, அவராகவே "துணி காயப்போட அக்கா" என்றார். செவ்வாய்க்கிழமை இரண்டு பேர், துணி காயப்போட. புதன்கிழமை நான்கு பேர். ஒருவர் மாற்றி ஊஞ்சல் கட்ட என்றாராம், அவர் வீட்டில் கட்டுவதற்கு ஒரு மரமும் கிடையாது. "எண்ணூறு மீட்டர் கொடிக்கு எத்தன சட்டைடா வச்சிருக்கீங்க, இந்த ஊர் துணிய மொத்தமா தோச்சாலும் பாதிக் கொடி சும்மா தொங்குமே" என்று அடுத்து வந்த எட்டாவது ஆளிடம் கேட்டிருக்கிறாள். அவர் காது வரை சிவந்துபோய்ப் பாக்கிச் சில்லறையைக்கூட வாங்காமல் ஓடிவிட்டாராம். இப்படி அளந்ததில்தான் விரல் போயிற்று.

ஆளைக் கேட்காதே, அவன் என்ன வாங்குகிறான் என்று பார், வாய் எதையும் சொல்லும் என்கிறாள் அம்மா. இந்த இடத்தில் உனக்கும் ஒன்று எழுதச் சொல்கிறாள். தினமும் சமைத்துச் சாப்பிடுவதாகச் சொல்கிறாயே, நான்கு மாதமாக ஒரே எண்ணெய்ப் பாட்டில் எப்படித் தீராமல் இருக்கிறது? நீ அனுப்பிய போட்டோவில் ஜன்னல் ஓரத்தில் அதே பாட்டில் அதே அளவில் நிற்கிறதாம். பதில் வேண்டாம், அடுத்த போட்டோவில் பாட்டில் இறங்கியிருந்தால் போதும்.

அம்மா அப்பாவிடம் எட்டுக் கயிறு விற்றதை மட்டும்தான் சொன்னாள். யார் யார் என்று அப்பா கேட்டார். "அது மட்டும் நடக்காது. இன்னிக்கு நான் பேர் சொன்னா நாளைக்கு என் கடையில ஒருத்தனும் ஒரு ஊசிகூட வாங்க மாட்டான்" என்று சொல்லிவிட்டாள். அப்பா கெஞ்சினார், பிறகு கோபித்துக்கொண்டார், பிறகு சாப்பாட்டை இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நேற்று சாயங்காலம் காற்று வாங்கப் போகிறேன் என்று கிளம்பினார், நானும் கூடப் போனேன். காற்று வாங்கவில்லை அக்கா, ஒவ்வொரு வீட்டுப் பின்பக்கமும் எட்டிப்பார்த்து யார் வீட்டில் புதுக் கொடி கட்டியிருக்கிறது, யார் வீட்டில் இல்லை என்று பார்த்துக்கொண்டே போனார். ஒரு வீட்டிலும் புதுக் கொடி இல்லை. ஹாரன் மாமா வீட்டுச் சுவரில் கையூன்றி எம்பியபோது மாமா குளியலறை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டார். "என்ன செயலாளரே, கூடையெல்லாம் தீந்துபோய் இப்ப எங்க வீட்டுத் துணிய எண்ண வந்தீங்களா?" என்று அவர் போட்ட சத்தம் தெருமுனை வரை கேட்டது. இரண்டு வீட்டார் வெளியே வந்து பார்த்தார்கள். அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு வேகமாக நடந்தார். அவர் உள்ளங்கை ஈரமாக இருந்தது. அப்போதுதான் எனக்கும் பயம் வந்தது.

வீட்டுக்கு வந்து, "நாளைக்குக் கூட்டத்துல என்னை இறக்கிடுவாங்க, மறுபடி படகுதான், எனக்கும் ஒரு நூறு மீட்டர் அளந்து வை" என்றார். சிரிக்க வைக்கத்தான் சொன்னார், யாரும் சிரிக்கவில்லை. அம்மா விரலில் அவிழ்ந்த கட்டை இறுக்கிக்கொண்டாள். பிறகு, "ஆள் யாருன்னு தெரிஞ்சு நமக்கு என்ன ஆகப்போகுது? ஐஸுக்கு ஆள் பேர் தெரியணுமா என்ன? அவங்க பொய் சொல்றது உங்ககிட்ட இல்ல, பக்கத்துப் படகுக்காரன்கிட்ட. தாள்ல பேர் போடச் சொன்னதுதான் தப்பு" என்றாள். அக்கா, இதற்காக நீ வருத்தப்படக் கூடாது என்று அம்மா மூன்று முறை சொல்லிவிட்டாள். உன் தாளில் முதல் கட்டமே பெயர், அதைத் தவிர மற்றதெல்லாம் நன்றாக இருக்கிறதாம். தன் இடத்தைப் பெயர் போட்டு எழுதிக் கொடுக்கிற மீன்பிடிக்காரன் இன்னும் பிறக்கவில்லை, தொப்பிக்காரர் நீங்கலாக.

இன்று நான்கு மணிக்குக் கூட்டம். பள்ளி விட்டதும் நேரே வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன். மேஜைமேல் மூடி போட்ட பெரிய டீசல் கேன் ஒன்று, மூடியில் ஒரு துளை. வாசலில் நின்று அம்மா ஒவ்வொருவர் கையிலும் ஒரு ஈயக்குண்டும் ஒரு தக்கையும் கொடுத்தாள். ஆழத்துக்குப் போகிறவர் குண்டைப் போட வேண்டும், கரையோரம் என்றால் தக்கை. மிஞ்சியதை வெளியே போகும்போது கடைப் பெட்டியில் போட்டுவிடலாம், யாரும் பார்க்கமாட்டார்கள். "இது என்ன சின்னப் பிள்ளைங்க விளையாட்டு" என்று ஹாரன் மாமா கத்தினார். "ஆமா மாமா, பெரியவங்க விளையாட்டத்தான் நாப்பது தாள்ல பார்த்தோமே" என்றாள் அம்மா. அறை முழுக்கச் சிரித்தது. அதன்பிறகு எல்லோரும் எழுந்து வரிசையில் நின்றார்கள். கேனில் குண்டு விழும் சத்தம் வெளியே கேட்கக் கூடாது என்று அப்பா உள்ளே பழைய துணி போட்டு வைத்திருந்தார். அது அப்பாவின் யோசனை, அதையும் எழுதிவிடுகிறேன்.

எண்ணியது நான். தப்பிவிடக் கூடாது என்று இரண்டு முறை எண்ணினேன். முப்பத்தோரு ஈயக்குண்டு, எட்டுத் தக்கை, துணி மாட்டும் கிளிப் ஒன்று. கிளிப்பைத் தூக்கிக் காட்டினேன். ஓர் ஓரத்திலிருந்து யாரோ "கொடி கட்டினவன் கிளிப்பும் வாங்கிட்டான்டா" என்றதும் நாற்காலியைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். தொப்பிக்காரர் எழுந்து நின்று, "நான் எழுதிக் கொடுத்தப்ப ஒருத்தனும் நம்பலியே" என்று தொப்பியைக் கழற்றிக் கும்பிட்டார். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. "இந்தக் கணக்குப்படிதான் பெரிய பெட்டியும் மூணு மடங்கு ஐஸும் சொல்லப்போறேன். ஆனா மீன் நம்மள மாதிரி கேன்ல குண்டு போடல. தப்பாப் போச்சுன்னா?" என்று கேட்டார். எல்லோரும் ஹாரன் மாமாவைப் பார்த்தார்கள். மாமா சட்டைப்பையிலிருந்து அந்தத் தீர்மானத்தை எடுத்துப் பிரித்தார், கொஞ்ச நேரம் பார்த்தார், "கண்ணாடி வீட்டுல விட்டுட்டு வந்துட்டேன், படிக்க முடியல" என்று மறுபடி மடித்து உள்ளே வைத்துவிட்டார். கண்ணாடி அவர் மூக்கின்மேல்தான் இருந்தது. இதை நான் என் கண்ணால் பார்த்தேன். உட்காரும்போது, "தப்பாப் போச்சுன்னா இந்தத் தடவ நாப்பது பேரும் சேந்து தப்புய்யா, நீ ஐஸைச் சொல்லு" என்றார். அவருக்கு மெதுவாகப் பேசவும் தெரியும் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

இப்போது எல்லோரும் போய்விட்டார்கள். சங்கத்து மேஜையில் ஒரு பக்கம் நான் இதை எழுதுகிறேன், எதிர்ப்பக்கம் அப்பா ஐஸ் கடிதம் எழுதுகிறார். அம்மா ஈயக்குண்டுகளைத் துடைத்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டே உனக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்கிறாள். புதுத் தாள் போடும்போது பெயர்க் கட்டத்தை எடுத்துவிடு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதாது, ஒவ்வொரு மாதமும் கேட்க வேண்டும், ஏனென்றால் மீனும் மனிதர்களும் மனம் மாறுகிறவர்கள். தலைக்குக் குளித்தால் காயவைக்காமல் படுக்காதே. நீ எடுத்ததெல்லாம் நல்லபடி நடக்கட்டும், நோய் நொடி இல்லாமல் நன்றாக இரு. வருகிற ஞாயிற்றுக்கிழமை போன் செய்ய மறக்காதே.

இப்படிக்கு,
சொன்னது உன் அம்மா,
எழுதியது உன் தங்கை.

அப்பா எட்டிப்பார்த்துத் தன் பெயரையும் சேர்க்கச் சொல்கிறார். வெறும் அப்பா என்று போடாதே, செயலாளர் என்றும் போடு என்கிறார். பெற்ற பெண்ணுக்கு எழுதுகிற கடிதத்தில் எதற்குச் செயலாளர் என்று அம்மா கேட்கிறாள். இன்னிக்கு ஒரு நாள் போடட்டும் என்கிறார். ஆகவே, இப்படிக்கு உன் அப்பா, செயலா

அதற்குள் வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் அவரே விளக்குகளை அணைத்துவிட்டார். இந்த வரியை வீட்டுக்கு வந்து எழுதுகிறேன்.